பதினேழாம் நம்பர் இலை

இலை மாமாவின் செருப்பு சுத்தமாக இருந்தது. துருவிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

மலை ஏறி இலை பறித்துவிட்டு வருகிற ஆளின் செருப்பு எப்படி இருக்க வேண்டும்? சேறும் சகதியுமாக இருக்க வேண்டாமா? இது இப்போதுதான் கடையிலிருந்து எடுத்து வந்ததுபோல் பளபளவென்று வராண்டாவில் உட்கார்ந்திருந்தது.

துருவி பைக்குள்ளிருந்து கணக்கு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

'சந்தேகம் 1: செருப்பில் சேறு இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

துருவி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேள்வி கேட்பதால் அம்மா வைத்த பெயர். இப்போது ஐந்தாம் வகுப்பு டீச்சர்கூட வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது மட்டும்தான் அவளுடைய நிஜப் பெயரைச் சொல்கிறார்.

"என்ன பாப்பா, வந்ததும் வராததுமா வீட்டுப்பாடமா?" என்று கேட்டபடி வந்தார் இலை மாமா. தோளில் சாக்கு. கையில் பிஸ்கட் பொட்டலம். "கிரீம் பிஸ்கட். எடுத்துக்கோ."

சந்தேகப்படுகிற ஆளிடம் பிஸ்கட் வாங்கக் கூடாது என்று துருவிக்குத் தெரியும். ஆனால் அது கிரீம் பிஸ்கட்.

இரண்டு எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்" என்பதை மட்டும் கொஞ்சம் விறைப்பாகச் சொன்னாள்.

---

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

துருவியின் அம்மா ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறார். மலேரியாக் காய்ச்சலுக்குப் புது மருந்து தேடுவதுதான் அங்கே வேலை. நாற்பது செடிகளின் இலைகளைப் பொடியாக்கி, சாறெடுத்து, ஒவ்வொரு சாறாக மலேரியாக் கிருமிமேல் சோதித்துப் பார்ப்பார்கள். செடிகளுக்கு ஒன்றிலிருந்து நாற்பது வரை நம்பர்.

பள்ளி விட்டதும் துருவி நேராக அங்கே வந்துவிடுவாள். கிருமி வளர்க்கும் அறைக்குள் போக அவளுக்கு அனுமதி கிடையாது. வராண்டாவிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அம்மா சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொள்வார். அதில்தான் கிருமி இருக்கும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சொட்டுச் சாறு விடுவார். கிண்ணங்களைப் பெரிய ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மூடுவார். சுடர் மெல்ல மெல்லச் சுருங்கி அணையும். அணையும் நேரத்தில் ஜாடியை இறுக்கிவிடுவார். ஜாடிக்குள் ஆக்சிஜன் குறைந்தால்தான் அந்தக் கிருமிக்குச் சுகமாம்.

துருவியின் தம்பி வால் இதை முதல்முறை பார்த்தபோது, "அம்மா, இன்னைக்குக் கிருமிக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டான்.

இரண்டு நாள் கழித்து அம்மா ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் பூசி, ஊதாச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவார். ஆயிரம் ரத்த அணுக்களில் எத்தனைக்குள் கிருமி இருக்கிறது என்று கணக்கு. கையில் ஒரு குட்டி எண்ணும் கருவி இருக்கும். ஒரு கிருமிக்கு ஒரு 'டிக்'.

சாறே விடாத கிண்ணத்தில் எண்பது 'டிக்' கேட்கும்.

பதினேழாம் நம்பர் இலையின் சாறு விட்ட கிண்ணத்தில் நான்கே 'டிக்' கேட்டது!

அன்று அம்மா வீட்டுக்கு வந்து தம்பியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அதே இலையை மறுபடி பறித்து வரச் சொல்லிச் சோதித்தார். ஐந்து. மூன்றாம் முறை, மூன்று.

நான்காம் முறை?

எழுபத்தாறு.

ஐந்தாம் முறை எண்பத்தொன்று. இலை வேலையே செய்யவில்லை. பச்சைத் தண்ணீரை விட்டதுபோல் கிருமிகள் ஜம்மென்று இருந்தன.

போன வாரம் அம்மா போனில் பேசியதைத் துருவி கேட்டாள். மறுமுனையில் ஆய்வுக்கூடத்தின் தலைவர். எல்லோருக்கும் அவர் பெரிய மேடம்.

"இலையே மாறியிருக்கு மேடம். பொடியோட நிறத்தைப் பாருங்க. முன்னாடி கரும்பச்சையா இருந்துச்சு. இப்போ வைக்கோல் மாதிரி இருக்கு. மலைக்குப் போகச் சோம்பல்பட்டு, ரோட்டோரத்துல இதே மாதிரி இருக்கிற எதையோ பறிச்சுட்டு வர்றார்னு நெனைக்கிறேன். ஆமா... பதினொரு வருஷமா இருக்கார்தான். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

மேடம் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டார்.

"சரி மேடம். வெள்ளிக்கிழமை பேசி முடிவு பண்ணிடலாம். அவரையும் நிறுத்திடலாம், பதினேழையும் பட்டியல்லேர்ந்து எடுத்திடலாம்."

இலை பறிப்பதும் காயவைப்பதும் இலை மாமாவின் வேலை. அவரை நிறுத்தப் போகிறார்கள்!

பாவம் என்றுதான் துருவிக்கு முதலில் தோன்றியது. அம்மாவின் வாடிய முகத்தைப் பார்த்ததும் அந்தப் பாவம் கோபமாக மாறிவிட்டது. அம்மாவை ஏமாற்றுகிறாரா? கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான்!

---

"மாமா, உங்க செருப்பு ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு?"

இலை மாமா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குல்ல? போன மாசம் வராண்டா முழுக்கச் சேறுன்னு பெரிய மேடம் ஒரு சத்தம் போட்டாங்க பாரு! அதிலேர்ந்து பின்பக்கக் குழாய்ல கழுவிட்டுத்தான் முன்பக்கமே வர்றேன்."

துருவி பின்பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தாள். குழாயடியில் சிவப்புச் சேறு திட்டுத்திட்டாக இருந்தது. இந்தத் தெருவில் எங்கேயும் சிவப்பு மண் கிடையாது.

முதல் சந்தேகத்தை அடித்துவிட்டு இரண்டாவதை எழுதினாள்.

"மலைக்குப் போயிட்டு வர சாயங்காலம் ஆகணுமே. இன்னைக்கு எப்படி மத்தியானமே வந்தீங்க?"

"பால் வண்டிக்காரர் ஏத்திக்கிட்டார்."

"அதுக்குச் சாட்சி இருக்கா?"

"பால் வண்டிக்காரர்தான் சாட்சி!" என்று சிரித்தார் இலை மாமா. "நாளைக்குக் காலையில உங்க தெருவுக்குத்தான் வருவார். கேட்டுப் பாரேன். ஏன் பாப்பா, போலீஸ்ல சேரப் போறியா?"

துருவி நோட்டை மூடினாள். மறுநாள் காலை கேட்டுப் பார்த்தாள். பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டது உண்மை. மலையடிவாரத்தில் ஏறினார் என்பதும் உண்மை. சாக்கில் இருந்த இலை வண்டி முழுக்க நாற்றம் அடித்தது என்பது கூடுதல் தகவல்.

இரண்டாவதையும் அடித்துவிட்டு 'சந்தேகம் 3: வேறு செடி' என்று எழுதினாள். அன்று மாலை அவள் செடி அட்டைகளை எடுத்தாள்.

இலை மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் ஒரு சின்னக் கிளையைத் தனியாக எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டித் தேதி போட்டு வைத்துவிடுவார். பின்னால் யாராவது 'எந்தச் செடி?' என்று கேட்டால் காட்டுவதற்கு.

பதினேழாம் நம்பருக்கு ஐந்து அட்டைகள் இருந்தன. துருவி ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்தாள். இலை ஓரத்தின் பற்களை எண்ணினாள். அடிப்பக்கத்து முடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். வேலை செய்த மூன்றும் வேலை செய்யாத இரண்டும் ஒரே செடிதான். அச்சில் வார்த்தமாதிரி இருந்தன.

"அம்மா! ஐந்தும் ஒரே இலைதான்மா!"

அம்மா எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஒரு கிளையை மட்டும் ஒழுங்காப் பறிச்சு அட்டையில ஒட்டிட்டு, சாக்கை வேற இலையால ரொப்பியிருந்தா?"

துருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இலை மாமா எதைக் காட்டினால்தான் நம்புவார்கள்? செருப்பு அழுக்காக இருந்தால் வேண்டுமென்றே பூசினார் என்பார்களா?

தன்னுடைய சந்தேகத்தைவிட அம்மாவின் சந்தேகம் பெரிது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது இலை மாமா காயவைக்கும் அறை வாசலில் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"பாப்பா, உங்கம்மா என்னை 'அண்ணா'ன்னு கூப்பிட்டு எட்டு நாள் ஆச்சு. 'இங்க பாருங்க'ன்னுதான் கூப்பிடுறாங்க. நான் எதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"தெரியல மாமா" என்றாள் துருவி. அவர் இன்று தந்த பிஸ்கட்டைத் தின்னாமல் பைக்குள் வைத்தாள்.

---

வியாழக்கிழமை மாலை. வீடு.

"ஹைய்யா, கப்பல்!"

துருவி திரும்பிப் பார்த்தாள். வால் அவளுடைய கணக்கு நோட்டின் பிரவுன் அட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"டேய்! அட்டையைக் கழட்டாதடா! டீச்சர் கொன்னுடுவாங்க!"

"ஒரே ஒரு கப்பல்கா."

துருவி பாய்ந்து பிடுங்கினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அட்டைக் காகிதத்தின் உள்பக்கம் கோடுகள்.

வெளிர் நிறம், கரும்பழுப்பு, வெளிர் நிறம், கரும்பழுப்பு. கோடு போட்ட சட்டைபோல் வரிசையாக இருந்தன. அளவுகோலை வைத்துப் பார்த்தாள். கரும்பழுப்புக் கோடுகள் எல்லாம் ஒரே அகலம், ஒரே இடைவெளி.

"நீ வரைஞ்சியாடா?"

"எனக்கு இவ்வளவு நேரா வரையத் தெரியாதுக்கா" என்றான் வால். அது உண்மைதான்.

மற்ற நோட்டுகளின் அட்டைகளையும் துருவி கழற்றினாள். தமிழ், அறிவியல், சமூக அறிவியல். எல்லாவற்றிலும் அதே கோடுகள். ஆறு அட்டைகளையும் தரையில் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள். கோடுகள் ஒன்றோடு ஒன்று பொருந்தின.

கம்பி. ஜன்னல் கம்பி!

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பள்ளி திறந்த வாரம். மறுநாள் எல்லா நோட்டுக்கும் அட்டை போட்டிருக்க வேண்டும். கடையில் பிரவுன் பேப்பர் தீர்ந்துவிட்டது. ஆய்வுக்கூட வராண்டாவில் அவள் அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தபோது இலை மாமாதான் கேட்டார்.

"இதுக்கா இப்படி? வா."

காயவைக்கும் அறையின் ஜன்னலில் ஒட்டியிருந்த பெரிய பிரவுன் பேப்பரைக் கிழியாமல் உரித்துக் கொடுத்தார்.

"எப்பவோ தூசிக்கு ஒட்டினது. இப்போ எதுக்கு? வெளிச்சம் உள்ள வந்தா இலையும் நல்லாக் காயும்."

துருவி நல்ல பக்கத்தை வெளியே வைத்து ஆறு நோட்டுக்கும் அட்டை போட்டாள். டீச்சர் 'வெரி குட்' போட்டார்.

வெயில் பட்ட இடமெல்லாம் காகிதம் வெளுத்திருக்கிறது. கம்பியின் நிழல் விழுந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கிறது. வெயில் காகிதத்தையே இப்படிச் செய்யும் என்றால் இலையை என்ன செய்யும்?

'வைக்கோல் மாதிரி இருக்கு' என்று அம்மா சொன்னாரே!

கணக்கு நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். தேதி ஆறு. நான்காம் முறை இலை காயப்போட்டது அதற்குப் பிறகா, முன்பா? நாளைக்குப் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். மூன்று சந்தேகங்களும் அடிக்கப்பட்டிருந்தன. பென்சிலை எடுத்தாள்.

'சந்தேகம் 4: நான்.'

இதை யாரிடமும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பக்கத்திலேயே ஒருவன் கப்பல் செய்யக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பக்கெட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் மிதந்தால் சாட்சி கூழாகிவிடும்.

"அக்கா, அந்தப் பேப்பரைத் தாயேன்."

"இது வேணும்டா" என்றாள் துருவி. "உனக்கு வேற தர்றேன்."

செய்தித்தாளில் அவனுக்கு மூன்று கப்பல்கள் செய்து கொடுத்தாள்.

---

வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணி. துருவி முதலில் காயவைக்கும் அறைப் பதிவேட்டைத் திறந்தாள்.

அதில் எல்லாம் இருந்தது. பறித்த இடம், பறித்த தேதி, எடை, எந்தத் தட்டு, எத்தனை நாள், அறையின் சூடு. நான்காம் முறை காயப்போட்ட தேதி: ஒன்பது.

ஜன்னலில் காகிதம் இருந்ததா இல்லையா என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய மேடத்தின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இலை மாமாவின் குரல் கேட்டது.

"நான் மலைக்குத்தான் போனேன் மேடம். வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

துருவி கதவைத் தட்டினாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் பெரிய மேடம். மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு பக்கம் அம்மா, மடியில் காகிதங்கள். எதிரே இலை மாமா, நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பை தோளில் இருந்தது. கிளம்பத் தயாராக வந்ததுபோல்.

"துருவி! இங்க மீட்டிங் நடக்குது. வெளிய போ" என்றார் அம்மா.

"தெரியும்மா. ஆனா குற்றவாளி வெளியில நின்னா எப்படி மீட்டிங் நடத்துவீங்க?"

பெரிய மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன சொல்றே?"

துருவி ஆறு அட்டைகளையும் மேசைமேல் கவிழ்த்துச் சேர்த்து வைத்தாள். கோடுகள் பொருந்தின. ஜன்னல், நோட்டு, தேதி ஆறு, தேதி ஒன்பது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மூச்சு வாங்கியது.

"நான்தான் மேடம் அந்தப் பேப்பரை எடுத்தேன்."

"இல்ல மேடம், நான்தான் உரிச்சுக் கொடுத்தேன்" என்றார் இலை மாமா அவசரமாக. "பாப்பா மேல எந்தத் தப்பும் இல்ல."

"நான் அழுததாலதான் கொடுத்தார்!"

"அழலைன்னாலும் கொடுத்திருப்பேன்!"

"இருங்க, இருங்க" என்றார் பெரிய மேடம். "ஒவ்வொருத்தரா குற்றவாளி ஆகுங்க."

அம்மா ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் இன்னும் இறுக்கமாகவே இருந்தது.

"காகிதத்தை வெயில் வெளுக்க வைக்கும். சரி. அதனால இலையோட மருந்துச் சத்தும் போயிருக்கும்னு எப்படிச் சொல்றது? இலை மாறியிருக்கவும் வாய்ப்பு இருக்கே."

"சோதிச்சுப் பார்க்கலாமே அம்மா! நேத்துப் பறிச்ச பதினேழாம் நம்பர் சாக்கு இன்னும் காயப்போடல. அதுல சரியான இலைதான் இருக்கான்னு நீயே பாரு. ஒரு தட்டை மூடி வைப்போம். ஒரு தட்டைத் திறந்து வைப்போம்."

அம்மா எழுந்து போனார். சாக்கை வராண்டாவில் கொட்டி, உட்கார்ந்து, கைப்பிடி கைப்பிடியாகப் பார்த்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். வராண்டா முழுக்க நாற்றம் பரவியது. பால் வண்டிக்காரர் சொன்னது சரிதான்.

"இந்தச் சாக்கு சரியா இருக்கு" என்றார் அம்மா கடைசியில். "போன சாக்கைப் பத்தி எனக்குத் தெரியாது."

"இன்னொண்ணும்மா" என்றாள் துருவி. குரல் கொஞ்சம் இறங்கியது. "நீ எண்ணும்போது எந்த ஸ்லைடு எந்தத் தட்டுன்னு உனக்குத் தெரியக் கூடாது."

அம்மாவின் புருவம் உயர்ந்தது. "நான் பொய் சொல்லுவேன்கிறியா?"

"இல்லம்மா. மாமாவோட செருப்பு சுத்தமா இருந்துச்சு. நான் அதைத் திருடனோட செருப்பாப் பார்த்தேன். அது அழுக்கா இருந்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்."

இலை மாமா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாட்டில்லயும் ஸ்லைடுலயும் நானே நம்பர் போடுறேன். எது எதுன்னு எழுதி என் டிராயர்ல பூட்டி வைக்கிறேன்." இலை மாமாவின் பக்கம் திரும்பினார். "தோள்ல இருக்கிற பையை இறக்குங்க. இன்னும் வேலை முடியல."

---

ஒரே சாக்கு. ஒரே அறை. இரண்டு தட்டுகள்.

ஒரு தட்டின் மேல் துருவியின் ஆறு அட்டைகளையும் குண்டூசியால் கோத்துக் கூடாரம் போட்டார்கள். காற்றுப் போக ஓரங்களில் இடைவெளி விட்டார்கள். இன்னொரு தட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஹாயாகக் கிடந்தது.

ஏழு நாள் காய வேண்டும். அந்த ஏழு நாளும் துருவி யாரையும் நம்பவில்லை. ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்கையை நம்பவில்லை. பெருக்குகிற அக்காவின் துடைப்பத்தை நம்பவில்லை. கூடாரத்தைப் பார்த்ததும் "கப்பல்!" என்று கண் விரித்த வாலை வாசற்படியிலேயே நிறுத்தினாள்.

அம்மாவும் இலை மாமாவும் அந்த அறைப் பக்கமே வரவில்லை. பெரிய மேடம் தடை போட்டிருந்தார்.

ஏழாம் நாள் திறந்த தட்டின் இலை வெளிறிப்போயிருந்தது. கூடாரத்து இலை பச்சை மாறாமல் இருந்தது.

பெரிய மேடம் தன் கையாலேயே பொடித்து, சாறெடுத்து, ஆறு பழுப்புப் பாட்டில்களில் அடைத்தார். ஒரு தட்டுக்கு மூன்று பாட்டில்கள். கலைத்துப் போட்டு ஒன்று முதல் ஆறு வரை எண் ஒட்டினார்.

அம்மா சொட்டுகளை விட்டார். மெழுகுவத்தியை ஏற்றினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் துருவியும் இலை மாமாவும் நின்று பார்த்தார்கள். சுடர் சுருங்கியது. ஒரு நூல் புகை எழுந்தது. ஜாடி மூடிக்கொண்டது.

"பாப்பா, ஒருவேளை ரெண்டுமே வேலை செய்யலைன்னா?" என்று மெல்லக் கேட்டார் இலை மாமா.

துருவி பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். இந்த முறை அவள் வாங்கியது.

இரண்டு நாள் கழித்து அம்மா மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே துருவியும் இலை மாமாவும் பெரிய மேடமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதல் ஸ்லைடு. டிக், டிக், டிக், டிக்... நிற்கவே இல்லை. துருவி விரல் விட்டு எண்ணினாள். எழுபத்தொன்பது.

இலை மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாம் ஸ்லைடு. டிக்.

பிறகு எதுவும் இல்லை. நாற்காலி கிரீச்சிட்டது. அம்மா ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கிறார். டிக். மறுபடி நீண்ட மௌனம். டிக். டிக். கடைசியாக ஒரு டிக்.

ஐந்து!

மூன்றாவது நான்கு. நான்காவது எண்பத்திரண்டு. ஐந்தாவது எழுபத்தேழு. ஆறாவது ஸ்லைடில் இத்தனை நேரம் என்ன பார்க்கிறார் என்று துருவி கதவு வழியே எட்டிப் பார்க்கும்வரை சத்தமே இல்லை. மொத்தம் மூன்று.

அம்மா தாளில் எண்களை எழுதிக்கொண்டு வெளியே வந்தார். பெரிய மேடம் டிராயரிலிருந்து எடுத்து வந்த உறையைக் கிழித்தார். மெதுவாக, எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாகக் கிழித்தார்.

"திறந்த தட்டு: ஒன்று, நான்கு, ஐந்து." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கூடாரத் தட்டு: இரண்டு, மூன்று, ஆறு."

அம்மா தன் தாளைப் பார்த்தார். பெரிய மேடத்தின் தாளைப் பார்த்தார். மறுபடி தன் தாளைப் பார்த்தார். பிறகு இலை மாமாவுக்கு எதிரே போய் நின்றார்.

"போன ரெண்டு சாக்கும் சரியான இலைதான். நான்தான் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சிடுங்க... அண்ணா."

இலை மாமா வாசல் பக்கம் திரும்பினார்.

"டீ சொல்லட்டுமா டாக்டரம்மா?"

"நான் சொல்றேன். நீங்க உட்காருங்க" என்றார் அம்மா.

"அப்போ மருந்து கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்டாள் துருவி.

"கிண்ணத்துல கிருமி செத்தா அது மருந்து ஆயிடாது" என்றார் பெரிய மேடம். "எந்தச் சத்து கொல்லுதுன்னு பிரிச்சு எடுக்கணும். அது மனுஷங்களுக்குக் கெடுதல் பண்ணாதான்னு பார்க்கணும். வருஷக்கணக்கா ஆகும். ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்." பேனாவைத் திறந்து காயவைக்கும் அறைப் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். "ஆனா பதினேழு பட்டியல்ல இருக்கும்."

புதிய கட்டத்தின் தலைப்பு: 'வெளிச்சம்.'

அன்றே ஜன்னலை மூடியாக வேண்டும் என்றார் அம்மா. கடையில் இன்னும் பிரவுன் பேப்பர் வரவில்லை. துருவி கூடாரத்தைப் பிரித்து ஆறு அட்டைகளையும் கொடுத்தாள். இலை மாமா பசை தடவிக் கம்பிக் கோடுகள் பொருந்துகிறமாதிரி ஒட்டினார். லேபிள்கள் வெளிப்பக்கம் அமைந்துவிட்டன. இப்போது முற்றத்தில் நின்று பார்த்தால் ஆய்வுக்கூடத்து ஜன்னல் 'ஐந்தாம் வகுப்பு, கணக்கு' என்கிறது. கொஞ்சம் தள்ளி 'சமூக அறிவியல்' என்கிறது.

திங்கட்கிழமை டீச்சர் துருவியின் மேசையருகே வந்து நின்றார்.

"ஆறு நோட்டுலயும் அட்டையைக் காணோம். எங்கே போச்சு?"

"ஜன்னல்ல ஒட்டியிருக்கு டீச்சர். மலேரியாவுக்காக."

டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "இதை நான் நம்பணுமா?"

"நம்பவே வேண்டாம் டீச்சர்" என்றாள் துருவி. "நாலரை மணிக்கு வந்து பாருங்க."